அவன் பிறந்த நாள்தான் என் பாஸ்வர்ட்

"நல்ல காதல் படம்லா, உனக்குப் பிடிக்கும்" என்று தங்கை சொன்னதை நம்பித்தான் உட்கார்ந்தேன். தீபாவளிக்கு மறுநாள், மடியில் முறுக்கு டப்பா. முதல் இருபது நிமிடம் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனவள் அவள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த இருபது நிமிடம் நல்ல காதல் படம்தான். அதற்கப்புறம் நான் முறுக்கைத் தொடவில்லை.

படத்தின் பெயர் 'ஃபேர் பிளே'. குளோயி டோமோன்ட் என்ற பெண் இயக்குநரின் முதல் முழுநீளப் படம். 2023 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் திரையிட்டார்கள், அந்த அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. கதையைச் சொல்லாமல் என் கதையைச் சொல்ல முடியாது. பார்க்க நினைப்பவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

நியூயார்க்கில் ஒரு முதலீட்டு நிறுவனம். எமிலியும் லூக்கும் அங்கே ஒரே மட்டத்தில் வேலை செய்கிறார்கள், ஒரே வீட்டில் இருக்கிறார்கள், கல்யாணம் செய்துகொள்ளவும் முடிவெடுத்துவிட்டார்கள். கம்பெனி விதிப்படி இது கூடாது என்பதால் ஆபீஸுக்குள் நுழைந்ததும் அவன் யாரோ அவள் யாரோ. மேல் பதவி ஒன்று காலியாகிறது. லூக்குக்குத்தான் என்று பேச்சு, ஆனால் எமிலிக்குக் கிடைக்கிறது. இனி லூக் அவளுக்குக் கீழே. மீதிப் படம் அந்த வீட்டுக்குள் என்ன ஆகிறது என்பதுதான்.

பதவி கிடைத்த இரவு அதை அவனிடம் சொல்ல எமிலி தயங்குவாள். கொண்டாட வேண்டிய செய்தியை, பரீட்சையில் தோற்ற பிள்ளை மார்க் அட்டையை நீட்டுகிற மாதிரி நீட்டுவாள். நான் அங்கேயே படத்தை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். எமிலி தயங்கியது ஓர் இரவு. 2018-ல் நான் தயங்கியது மூன்று நாள்.

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள தெலுக் இந்தான். 1982 வரைக்கும் தெலுக் அன்சன் என்று பெயர், தோட்டத்துப் பெரியவர்கள் சிலர் இன்னும் 'ஆன்சன்' என்றுதான் சொல்வார்கள். வெளியூர்க்காரர்களுக்கு 1885-ல் கட்டிய சாய்ந்த கோபுரம் தெரியும். டவுனை விட்டு வெளியே வந்தால் எந்தப் பக்கம் போனாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்ட பிறகு உதிரிப்பழம் பொறுக்கினார். மகள் ஏர்கோன் ஆபீஸில் உட்கார வேண்டும் என்பது அவருடைய ஒரே பிரார்த்தனை. 2012-ல் ஓர் எண்ணெய் ஆலையில் தீம்பாங் கிராணியாகச் சேர்ந்தேன். ஏர்கோன் இருந்தது.

தீம்பாங் என்றால் எடைமேடை, கிராணி என்றால் எழுத்தர். அந்த வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். செம்பனைக் குலை ஏற்றிய லோரி மேடையில் ஏறும், மொத்த எடை பதிவாகும். உள்ளே போய் ரேம்ப்பில் குலையைக் கொட்டும். அங்கே கிரேடர் நின்று காய், பழம், நீளக் காம்பு, மண் என்று பார்த்து இத்தனை சதவீதம் கழிவு என்று சீட்டு எழுதுவார். வெறும் லோரி திரும்பி வரும்போது மறுபடி எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குலையின் எடை. அதில் கிரேடர் எழுதிய கழிவைக் கழித்துத்தான் பணம். 100 கிலோ குலையில் ஏறக்குறைய 20 கிலோ எண்ணெய்தான் கிடைக்கும். ஆகவே காய்க் குலைக்கு ஒரு சதவீதம் கழிவு குறைந்தால் ஆலைக்கு நஷ்டம், லோரிக்காரனுக்கு லாபம். எடை காட்டும் கருவி கெட்டுப்போனால் சூப்பர்வைசரின் பாஸ்வர்டைப் போட்டு எடையைக் கையாலேயே அடிக்கலாம். இந்த வரியை நினைவில் வையுங்கள்.

அவன் 2014 கடைசியில் கிரேடராக வந்தான். அப்போதெல்லாம் அவனை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவேன், அவன் என்னை 'நீ' என்பான். ஒரே வயதுதான். எழுத உட்கார்ந்ததும் 'அவன்' என்று வருகிறது. மாற்றவில்லை, அப்படியே இருக்கட்டும்.

பழம் அதிகமாக வரும் மாதங்களில் இரவெல்லாம் லோரி வரிசை நிற்கும். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் அவிக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், அதனால் ஆலை தூங்காது. அந்த மாதிரி ஒரு ராத்திரியில் பிளாஸ்டிக் பையில் கட்டிய சூடு மைலோவைத் தீம்பாங் ஜன்னல் கொக்கியில் மாட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் போனான். மறுநாளும் மாட்டினான். ஒரு மாதம் பேசவேயில்லை. இப்போது நினைத்தாலும் அது அழகாகத்தான் இருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்படிப்பட்ட கதையைக் கேட்கிறவர்கள் "ஆரம்பத்திலேயே தெரியலையா?" என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் தெரிவதற்கு ஒன்றுமே இல்லை. லூக்கும் முதல் இருபது நிமிடம் நல்லவன்தான்.

வெளியே சொல்ல வேண்டாம் என்றான். அவன் வீட்டில் சாதி பார்ப்பார்கள், அம்மாவைச் சமாதானம் செய்கிற வரைக்கும் பொறு என்றான். எங்கள் ஆலையில் காதலுக்குத் தடை என்று விதியெல்லாம் இல்லை. நாங்களே விதி போட்டுக்கொண்டோம். கேண்டீனில் தனித்தனி மேசை, மோட்டாரில் தனித்தனியாக வருவது, புலனத்தில் (வாட்ஸ்அப்) அவன் பெயரை 'லோரி பழனி' என்று சேமித்தது. நான்கு வருடம். எனக்கு அது ஒரு விளையாட்டு மாதிரிகூட இருந்தது. எல்லோருக்கும் நடுவில் எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒன்று.

2018 மார்ச்சில் மேனேஜர் கூப்பிட்டார். தீம்பாங்கையும் ரேம்ப்பையும் சேர்த்துப் பார்க்கும் சூப்பர்வைசர் வேலை, மாதம் 400 வெள்ளி (ரிங்கிட்) கூடுதல். ரேம்ப் ஆண்கள் இடம், அதனால் ஒரு கிரேடருக்குத்தான் கொடுப்பார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். கிரேடர்களில் மூத்தவன் அவன்தான். கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் திரிந்தேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, அவர் சந்தோஷத்தில் யாரிடமாவது சொல்லி அது அவன் காதுக்குப் போய்விடுமோ என்று பயம்.

என்னைப் பொறுத்தவரை எல்லாம் அந்த மூன்று நாளில்தான் இருக்கிறது. அவன் அப்போது எதுவும் செய்திருக்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் எனக்குள் ஏதோ ஒன்று கணக்குப் போட்டுவிட்டது. நமக்கு நல்லது நடந்ததை நெருங்கியவரிடம் சொல்லப் பயமாக இருந்தால், அந்தப் பயத்துக்கு ஏற்கெனவே காரணம் இருக்கிறது. அவருடைய முகம் சுருங்கியதைச் சின்னச் சின்ன விஷயங்களில் பல தடவை பார்த்திருப்போம், அதை எழுதி வைக்காமல் விட்டிருப்போம். யோசித்துப் பார்த்தால் எனக்கும் இருந்தது. எனக்குப் போனஸ் அரை மாதம் கூடியபோது ஒரு வாரம் பேசவில்லை. நான் கார் லைசென்ஸ் எடுத்தபோது, "நல்லது, இனி நான் எதுக்கு" என்றான்.

சொன்னேன். "வாழ்த்து" என்றான். மீ ரெபுஸ் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தான். பாதி சாப்பிட்ட பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே, "மேனேஜர் உன்ன எத்தனை மணிக்குக் கூப்பிட்டாரு? கதவு சாத்தி இருந்துச்சா?" என்று கேட்டான். படத்திலும் அப்படித்தான். முதலாளி உன்னிடம் ஏதாவது தப்பாக நடந்துகொண்டாரா என்ற சந்தேகம்தான் லூக்குக்கு முதலில் வருகிறது. கேட்கும்போது அக்கறை மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது, 'உன் திறமைக்குக் கிடைத்திருக்க முடியாது' என்பது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

அப்புறம் 'மேடம்' வந்தது. ரேம்ப்பில் எல்லோர் முன்னாலும் "சரிங்க மேடம்". எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். தனியாக இருக்கும்போது அதே 'மேடம்' வேறு மாதிரி ஒலிக்கும். "மேடம் இன்னிக்கு எந்தச் சட்டை போடணும்னு மேனேஜர் சொன்னாரா?" நான் அவனைச் சமாதானப்படுத்த என்னைச் சின்னதாக்கிக்கொண்டே போனேன். சம்பளத்தைக் குறைத்துச் சொன்னேன். மீட்டிங்கில் எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லாமல் அவனைச் சொல்ல விட்டேன். எமிலியும் லூக்குக்காக மேலே பேசிப் பார்ப்பாள், அவனை உயர்த்திவிட முயற்சி செய்வாள். பார்த்துக்கொண்டிருந்த நான், "வேண்டாம்லா, அதுக்கும் திட்டு வாங்குவே" என்று டிவியிடம் சொன்னேன். திரும்பிப் படுத்த தங்கை "என்னக்கா?" என்றாள்.

இனி பாஸ்வர்டுக்கு வருகிறேன். என்னுடையது அவன் பிறந்த நாள், எட்டு எண்கள். காதலிக்கும்போது போட்டது, சூப்பர்வைசர் ஆன பிறகும் மாற்றவில்லை. 2018 கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து தணிக்கைக்கு வந்தார்கள். ஒரே குத்தகைக்காரரின் லோரிகளுக்குப் பதினொரு சீட்டுகளில் வெறும் லோரி எடை கையால் அடித்திருந்தது, ஒவ்வொன்றிலும் இருநூறு முந்நூறு கிலோ குறைத்து. வெறும் லோரி எடை குறைந்தால் குலை எடை கூடும், கூடிய எடைக்கு ஆலை பணம் கொடுத்திருக்கிறது. பதினொன்றும் என் பெயரில். அதில் நான்கு, நான் விடுமுறையில் இருந்த நாளில்.

யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கேட்டேன். அழுதான். தங்கை கல்யாணக் கடன் என்றான். "நீதான் காப்பாத்தணும், உன்ன யாரும் ஒன்னும் செய்ய மாட்டாங்க, மேனேஜருக்கு உன்மேல பிரியம்" என்றான். காப்பாற்றச் சொல்லும்போதுகூட அந்த ஊசியை ஏற்றாமல் விடவில்லை.

2019 ஜனவரியில் உள் விசாரணை. மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம். "உங்கள் பாஸ்வர்ட் வேறு யாருக்காவது தெரியுமா?" என்றார்கள். எளிமையான கேள்வி. உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி, "அவருக்கு எப்படித் தெரியும்?" அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் நான்கு வருடத்தை அந்த மேசையில் கொட்ட வேண்டும். "கீபோர்டுக்கு அடியில் எழுதி ஒட்டியிருந்தேன், யாரோ பார்த்திருக்கலாம்" என்றேன். இறுதி எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது, அந்த வருடப் போனஸ் போனது. அவனுக்கு ஒன்றும் இல்லை. அம்மாவிடம் இந்த வருடம் யாருக்கும் போனஸ் இல்லை என்றேன். அது இன்னொரு பொய்.

படத்தில் இதற்கு இணையான ஓர் இடம் இருக்கிறது. லூக் ஆபீஸில் எல்லோர் முன்னாலும் உடைந்துபோய் இருவருடைய உறவையும் போட்டு உடைக்கிறான். எமிலி பிறகு முதலாளியிடம் போய், அவன் ரொம்ப நாளாகத் தன்னைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தான் என்று ஒரு கதை சொல்கிறாள். பொய். முதலாளியும் அதைத் துருவவில்லை, அவருக்கு வேலை நடந்தால் சரி. இந்த இடத்தில் எமிலிமேல் கோபப்படுகிறவர்கள் இருப்பார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அவளிடம் சொல்வதற்கு உண்மை என்று ஒன்று மிச்சமில்லை. ஒரு நாள் மறைத்தால் அந்த ஒரு நாள்தான் பொய். வருடக்கணக்கில் மறைத்தால் பின்னால் நடந்த நிஜமான தொல்லையையும் நிரூபிக்க முடியாமல் போகிறது. ஒரே வித்தியாசம், அவள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொன்னாள், நான் அவனைக் காப்பாற்றச் சொன்னேன்.

அந்தக் கழிவறைக் காட்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிச்சயதார்த்த விருந்தில் சண்டைக்குப் பிறகு இருவர் சம்மதத்தோடும் தொடங்குவது, அவள் 'நிறுத்து' என்ற பிறகும் அவன் நிறுத்தாததால் வன்புணர்வாகிறது. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று படம் தெளிவாகக் காட்டுகிறது. அவள் 'நிறுத்து' சொன்ன இடம்தான் கோடு. கட்டிக்கொள்ளப் போகிறவன்தானே என்பது அங்கே எந்தக் கணக்கிலும் வராது. நம் படங்களில் ஆபீஸ் வாசலில் மறித்து நின்றால் உடனே பாட்டு வந்துவிடும். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்தக் கோடு முப்பது வயதுக்கு மேல்தான் கண்ணில் பட்டது.

எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. 2019 ஏப்ரல், சித்ரா பௌர்ணமி. எங்கள் ஊர் தண்டாயுதபாணி கோவிலுக்கு அன்றைக்கு எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வருவார்கள், காவடி, ரதம், தண்ணீர்ப் பந்தல் என்று தெருவே நிரம்பிவிடும். இனி வேண்டாம், பிரிந்துவிடலாம் என்று அவனிடம் அங்கே சொன்னேன். கூட்டம் இருக்கிற இடத்தில் சொன்னால் பாதுகாப்பு என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். மேளச் சத்தத்தில் நான் கத்தினால்கூட யாருக்கும் கேட்காது என்பதை யோசிக்கவில்லை. கார்கள் நிறுத்தியிருந்த பக்கம் இழுத்துக்கொண்டு போனான். கையைப் பிடித்து முறுக்கினான். ஐந்து விரலும் பதிந்திருந்தது, அப்புறம் நீலம் பாரித்தது.

மறுநாள் டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் கேட்டார். "தீம்பாங் கதவில் இடிச்சுக்கிட்டேன்" என்றேன். அதை அவர் அட்டையில் எழுதினார். அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது: தேதி, காயத்தின் அளவு, 'கதவில் இடித்தது'. அன்றைக்கு நான் போயிருக்க வேண்டியது அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவு. பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் அடி, பாலியல் தாக்குதல் போன்றவற்றுக்கென்றே ஓ.எஸ்.சி.சி. (ஒன் ஸ்டாப் கிரைசிஸ் சென்டர்) என்று தனி ஏற்பாடு இருக்கிறது. எல்லோர் முன்னாலும் வரிசையில் நிற்க வைக்காமல் தனி அறையில் பார்ப்பார்கள். போலீஸ் ரிப்போர்ட்டுக்கும் அங்கிருந்தே வழிகாட்டுவார்கள். வெட்கமாக இருந்தால் காரணத்தைச் சொல்லாமல்கூட இருங்கள், பொய்க் காரணம் மட்டும் சொல்லாதீர்கள். அது எழுத்தில் நின்றுவிடும்.

அடுத்த வாரம் ரேம்ப்பில் உதிரிப்பழம் கூட்டும் அக்கா ஒருவர், அம்மாவோடு வேலை செய்தவர், பசியாறும் நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்தார்.

"அவன்தானே?"

"எவன்க்கா?"

"யம்மா, நாலு வருஷமா ஜன்னல்ல மைலோ தொங்குது. எங்களுக்குக் கண்ணு இல்லியா?"

ஆலைக்கே தெரிந்திருக்கிறது. லோரிக்காரர்களுக்குத் தெரியும், கேண்டீன் மாமிக்குத் தெரியும், மேனேஜருக்கும் தெரிந்திருக்கலாம். தோட்டத்தில் எதுவும் ரகசியமாக இருக்காது, ஆனால் யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். லயத்து வீட்டுச் சுவர்களுக்குள் வளர்ந்த எனக்கு அது மறந்துபோயிருந்தது. பக்கத்து வீட்டில் அடி விழுகிற சத்தம் கேட்டால் ரேடியோவைக் கூட்டி வைக்கிற ஊர் அது. நான் கட்டிக் காத்த ரகசியம் அவனுக்கு மட்டும்தான் உதவியிருக்கிறது. தெரிந்தவர்கள் தெரியாத மாதிரி இருந்தார்கள், நானும் அவர்கள் தெரியாத மாதிரி இருப்பதற்கு வசதி செய்து கொடுத்தேன்.

அன்று சாயந்திரம் அந்த அக்காவே என்னோடு வீட்டுக்கு வந்தார். அம்மாவிடம் அவர்தான் சொன்னார், நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா திட்டவில்லை. எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அக்காவிடம், "நீ எப்ப இருந்துடி தெரிஞ்சு வச்சிருந்த?" என்று அவரைத்தான் திட்டினார்.

வேலையை விட்டேன். நீ ஏன் விட வேண்டும், அவன்தானே விட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. இறுதி எச்சரிக்கை என் பெயரில் இருந்தது. ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்திருந்தால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால், எட்டு வார நோட்டீஸ். எட்டு வாரம் தினமும் அவன் முகம். அதை எப்படிக் கடந்தேன் என்பது யாருக்காவது உதவும்: முதல் நாளே பாஸ்வர்டை மாற்றினேன், ஆலையில் மட்டுமல்ல, பேங்க், மின்னஞ்சல், கைப்பேசி எல்லாவற்றிலும். கிரேடிங் சீட்டுகளை இன்னொரு கிராணி ஜன்னலில் வாங்கும்படி மேனேஜரிடம் கேட்டேன், "தனிப்பட்ட காரணம்" என்று மட்டும் சொன்னேன், அவர் தலையாட்டிவிட்டார். வீட்டுக்குப் போகும்போது அக்காவின் மோட்டார் எனக்குப் பின்னால் வரும். தேதி, நேரம், என்ன சொன்னான், யார் பக்கத்தில் இருந்தார் என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதினேன்.

ஒரு தப்பு செய்தேன். கோபத்தில் 'லோரி பழனி'யின் மொத்தப் புலன உரையாடலையும் அழித்துவிட்டேன். கடன் கதை, "நீதான் காப்பாத்தணும்", எல்லாம் அதில் இருந்தது. தடுத்து வைக்கலாம், அழிக்கக் கூடாது. முதலில் வேறு ஒரு போனுக்கோ மின்னஞ்சலுக்கோ அனுப்பிவிட்டு, பிறகு தேவையானால் கண்ணில் படாத இடத்தில் தள்ளிவையுங்கள்.

சட்டம் என்று ஒன்று இருப்பது எனக்கு அப்போது தெரியாது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் பாலியல் தொல்லை பற்றிய பகுதி 2012-லேயே வந்துவிட்டது, நான் வேலைக்குச் சேர்ந்த அதே வருடம். எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் அது பொருந்தும். புகார் கொடுத்தால் முதலாளி விசாரிக்க வேண்டும். விசாரிக்க மாட்டேன் என்றால், அதை 30 நாளுக்குள் காரணத்தோடு எழுத்தில் சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். அந்த 'மேடம்' பேச்சுகளும், மேனேஜரோடு சேர்த்துச் சொன்ன சட்டைப் பேச்சும் புகார் கொடுக்கத் தகுந்தவை என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். வேலையிடத்தில் சும்மா ஒரு கிண்டல் என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு நிறைய மாறியிருக்கிறது. பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது 2023 மே மாதத்திலிருந்து குற்றவியல் சட்டம் 507ஏ பிரிவில் தனிக் குற்றம், மூன்று வருடம் வரை சிறை. ஒரு தடவைக்கு மேல் நடந்திருக்க வேண்டும், ஆகவே நோட்டில் தேதி எழுதுவது வெறும் மன ஆறுதலுக்கு அல்ல. 2022-ல் பாலியல் தொல்லைக்கு எதிரான தனிச் சட்டம் நிறைவேறியது. அதன் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, விசாரணை மூடிய அறையில் நடக்கும், 250,000 வெள்ளி வரை இழப்பீடு கேட்கலாம். ஒரு ஓட்டை மட்டும் இன்னும் இருக்கிறது: 1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் கல்யாணம் ஆகாத காதலர்கள் சேரவில்லை. அந்தப் பாதுகாப்பு ஆணை நமக்குக் கிடைக்காது, போலீஸ் ரிப்போர்ட்தான் வழி. என்ன செய்வது என்றே தெரியாத இரவில் கூப்பிட 15999 இருக்கிறது, 'தாலியான் காசே' என்ற அரசாங்க உதவி எண். நானே கூப்பிட்டிருக்கிறேன், வேலையை விட்டு மூன்று மாதம் கழித்து, ஒன்றும் நடக்காத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை.

வேலையிடத்தில் காதலிக்கவே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் அம்மாவும் அப்பாவும் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில்தான் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் சொல்வது சின்ன விஷயம்: ஒருவர் மற்றவருக்கு மேலே போகிற அன்று, கம்பெனியில் ஒருவருக்காவது அது எழுத்தில் தெரிய வேண்டும். எச்.ஆர். இருந்தால் எச்.ஆர்., இல்லாவிட்டால் மேனேஜர். "இவருடைய சீட்டை நான் சரிபார்க்கக் கூடாது, வேறு யாராவது பார்க்கட்டும்" என்ற ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுத உங்கள் ஆள் சம்மதிக்கவில்லை என்றால், ஏன் என்று கேளுங்கள். வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள்.

படத்தின் முடிவு எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் நம்பவில்லை. எமிலி கையில் கத்தியை எடுத்து லூக்கை மண்டியிட வைத்து மன்னிப்புக் கேட்க வைக்கிறாள், பிறகு வெளியே போகச் சொல்கிறாள். நியூயார்க்கில் அவன் கதவைத் தாண்டினால் தொலைந்து போவான். தெலுக் இந்தானில் அடுத்த வாரம் பெட்ரோல் நிலையத்தில் என் காருக்குப் பின்னால் வரிசையில் நிற்பான். நின்றான். அவன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், மடியில் குழந்தை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், ஊர்க்காரி என்று. நானும் சிரித்தேன். அந்தப் பெண்ணின் பாஸ்வர்ட் என்னவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பணம் கட்டப் போனேன்.

இப்போது பீடோர் பக்கம் ஓர் உரக் கிடங்கில் கணக்குப் பார்க்கிறேன். 2023 ஜனவரி 1 முதல் எல்லா முதலாளிகளும் பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் ஒட்ட வேண்டும் என்பது சட்டம். எங்கள் கிடங்கிலும் ஒட்டியிருந்தார்கள், ஸ்டோர் கதவுக்குப் பின்னால், ஒரு ஹார்டுவேர் கடைக் காலண்டருக்கு அடியில். போன மாதம் அதை எடுத்துப் பஞ்ச் கார்டு அடிக்கிற இடத்துக்கு மேலே ஒட்டினேன். முதலாளி வந்து பார்த்தார். "இங்க ஏன்மா? காலண்டர எங்க வைக்கிறது?" என்றார்.

"கதவுக்குப் பின்னால இடம் காலியா இருக்கு, பாஸ்" என்றேன்.